இளையராஜாவைப் பாட்டால் மட்டும் அளக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் இளையராஜாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1976 இல் வந்த ‘அன்னக்கிளி’யில் தொடங்கிப் பாட்டுப் பாட்டாக அடுக்கியிருந்த கட்டுரையாளர், பின்னணி இசைக்கு ஒதுக்கியது ஒரே வரி. குறை என்று ஒரு சொல்லும் இல்லை. திருகோணமலையில் ஒரு படமாளிகையில் பல ஆண்டுகள் ஒப்பரேற்றராக, அதாவது படம் ஓட்டுபவனாக, இருந்தவன் நான். இதை எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

கீழே கதிரையில் இருப்பவர்கள் ஒரு படத்தை ஒரு முறை, பிடித்துப்போனால் மூன்று முறை பார்ப்பார்கள். எனக்கு நாளுக்கு மூன்று காட்சி, படத்தைத் தூக்கும்வரை. 1000 அடி றீல் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். இரண்டை ஒட்டி ஒரு சுருளாக வைத்திருப்போம். படத்துக்கு ஒளி தரும் காபன் குச்சி எரிந்து குறையக் குறையத் தள்ளிக் கொடுக்க வேண்டும். சுருள் முடியப்போவதைக் காட்டத் திரையின் வலது மேல் மூலையில் புள்ளி விழுந்ததும் அடுத்த இயந்திரத்துக்கு மாற வேண்டும். இத்தனை வேலையில் கண் எப்போதும் படத்தில் நிற்காது, காதுதான் நிற்கும். இளையராஜா படமென்றால் நான்காம் நாளிலேயே புள்ளிக்குக் காத்திராமல் இசைக்குக் காத்திருப்பேன். எந்தப் புல்லாங்குழல் முடியும்போது றீல் முடியும் என்பது கைக்கே தெரிந்துவிடும். அவரும் றீல் றீலாகப் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாளில் எழுதிக் கொடுப்பவர் என்பதைப் பின்னாளில் வாசித்தபோது, முகம் தெரியாத ஒருவரோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

‘உதிரிப்பூக்கள்’ 1979 ஆம் ஆண்டுப் படம். எங்கள் ஊருக்கு அது வந்தபோது ஏற்கெனவே ஓடிப் பழசான பிரதிதான். முதல் காட்சியில் ஓரிடத்தில் சத்தமே இல்லை. ஒலி அறுந்துவிட்டதென்று ஓடிப்போய், படச்சுருளின் ஒலித்தடத்தைப் படிக்க உதவும் ஒலி விளக்கைப் பார்த்தேன். அது எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர்தான் அங்கே இசை போடவில்லை. அடுத்த நாளிலிருந்து அந்த அமைதிக்காகவே ஒலிபெருக்கியைச் சற்றுக் கூட்டி வைத்தேன். எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்த இசையமைப்பாளர் அவர். ‘நாயகன்’ (1987) படத்தில் ‘தென்பாண்டிச் சீமையிலே’ மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் கதாநாயகனோடு சேர்ந்து மெட்டுக்கும் வயது ஏறியிருக்கும். ‘மௌன ராகம்’ (1986) படத்தில் கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும்போது, அவர்கள் சொல்லாததை இசை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

இனிக் குறையைச் சொல்கிறேன். அவரை நேசிப்பவன்தான் சொல்ல வேண்டும். 1980களில் சில ஆண்டுகளில் 40 படங்களுக்கு மேல் அவர் இசையமைத்தார். நல்ல இயக்குநரின் படத்துக்கும் ஏனோதானோ படத்துக்கும் ஒரே கை. ஏனோதானோ படங்களில் சண்டைக்காட்சி வந்தால் ஒரே ஆர்ப்பாட்டம், நகைச்சுவைக்கு ஒரே துள்ளல். தாய் அழுவதற்கு முன்னரே வயலின்கள் எல்லாம் அழுது தீர்த்துவிடும். நடிகைக்கு மிச்சமாக ஒன்றும் இருக்காது. ‘புன்னகை மன்னன்’ (1986) படத்தில் கணினி இசை பொருந்தியது, அது நடனக்காரர்களின் கதை. அதற்குப் பிறகு வயற்காட்டுக் கதைகளிலும் இயந்திரத் தாளம் தட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உண்மையான தவிலும் உறுமியும் எப்படி ஒலிக்கும் என்று அவருக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? பண்ணைப்புரம் கிராமத்தில் பிறந்தவரல்லவா!

இந்த நிறையும் குறையும் கசெற்றில் கேட்டவர்களுக்குத் தெரிய வழியில்லை. கசெற்றில் வந்தது பாட்டு மட்டுந்தான். வானொலியும் பாட்டைத்தான் போட்டது. இந்தியத் தேசிய விருதும் பின்னணி இசைக்கென்று அவருக்கு முதலில் கிடைத்தது 2009 ஆம் ஆண்டுப் படமான ‘பழசி ராஜா’வுக்குத்தான். அப்போது அவர் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. எனக்கு அந்தச் செய்தி மகிழ்ச்சியைவிடக் கோபத்தைத்தான் தந்தது.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரேயொரு படத்தை எடுத்து, பாட்டுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் கேட்டு யாரையாவது எழுதச் சொல்லுங்கள். றீல் மாறும் இடத்தில் என்ன வாத்தியம் ஒலிக்கிறது என்று அந்நாளில் நான் குறித்து வைத்த கொப்பி இன்னும் இருக்கிறது. ‘முள்ளும் மலரும்’ பக்கங்களில் காபன் கறை படிந்திருந்தாலும் எழுத்து தெளிவாகவே தெரிகிறது. எழுதுபவர் கேட்டால் பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படமாளிகை ஒப்பரேற்றர்,
பாலையூற்று, திருகோணமலை.