ஆட்சியில் இருக்கும்போதே உங்கள் அதிகாரத்தைக் குறையுங்கள்: ஜனநாயகக் கட்சிகளின் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். நியாயமான தேர்தல், சுதந்திரமான நீதிமன்றம், அஞ்சாமல் எழுதும் பத்திரிகை, எந்தப் பெரும்பான்மையாலும் பறிக்க முடியாத உரிமைகள் ஆகியவற்றை உங்கள் கட்சியின் கொள்கையாக அறிவித்திருக்கிறீர்கள் என்பதாலேயே இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். இவற்றை வெளிப்படையாக வெறுப்பவர்களுக்கு எழுதிப் பயனில்லை. எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருக்கும்போது, தாராளவாத ஜனநாயகம் ஆபத்தில் இருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள், அது உண்மைதான். ஆனால் ஆளும் வரிசைக்கு மாறியதும் அந்தப் பேச்சு உங்கள் உரைகளிலிருந்து மறைந்துவிடுகிறது. முன்பு நீங்கள் கண்டித்த அதிகாரங்கள் சட்டப் புத்தகத்தில் அப்படியே நீடிக்கின்றன. சில வேளைகளில் உங்கள் கையெழுத்தோடு இன்னும் பெருகவும் செய்கின்றன. என் கோரிக்கை ஒன்றுதான்: உங்களுக்குப் பின் அந்த நாற்காலியில் யார் அமர்வார் என்பது உங்களுக்குத் தெரியாது; ஆகவே பதவியில் இருக்கும் காலத்திலேயே உங்கள் அதிகாரத்தை நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள், குறைத்ததில் ஒரு பங்கைக் குடிமக்களிடம் ஒப்படையுங்கள்.

ஜனநாயகம் வீழ்ந்த நாடுகளின் வரலாற்றை வீழ்த்தியவரின் பெயரோடு தொடங்குவது நம் வழக்கமாகிவிட்டது. அவருக்கு முன் ஆண்டவர்கள் எதை விட்டுச்சென்றார்கள் என்று கேட்பவர் குறைவு. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் அமைந்த வைமார் குடியரசில் ஹிட்லர் ஆட்சித் தலைவராக நியமிக்கப்பட்டது 1933 ஜனவரி 30 அன்று. நாடாளுமன்றத்தைப் புறந்தள்ளிவிட்டு அவசர ஆணைகளால் ஆளும் பழக்கமோ, நாஜிக் கட்சியோடு தொடர்பில்லாத ஹைன்ரிக் ப்ரூனிங்கின் ஆட்சியில், 1930இலேயே அரசியலமைப்பின் 48ஆம் பிரிவைக் கொண்டு வேரூன்றிவிட்டது. 1932ஆம் ஆண்டு முழுவதும் அந்த நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் ஐந்தே. குடியரசுத் தலைவர் பிறப்பித்த அவசர ஆணைகள் அறுபதுக்குக் குறையாதவை. பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்க வேறு வழியில்லை என்று அன்று வாதிட்டவர்களில் பலர் பொறுப்புணர்வு மிக்க மனிதர்கள்தாம். 1933 பிப்ரவரி 28 அன்று பேச்சுரிமையையும் கூட்டம் கூடும் உரிமையையும் முடக்கிய ஆணையும் அதே 48ஆம் பிரிவின் கீழ்தான் வந்தது. நாடு அதற்குள் ஆணைகளால் ஆளப்படுவதற்குப் பழகிப்போயிருந்தது.

அது பழைய கதை என்று தோன்றினால் ஹங்கேரியைப் பாருங்கள். 1990இல் ஒரு கட்சி ஆட்சியிலிருந்து விடுபட்ட அந்நாட்டில், ஒரே அவை கொண்ட நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டால் அரசியலமைப்பில் எதையும் மாற்றலாம் என்ற ஏற்பாடு இருந்தது. நிலையான அரசு அமையவேண்டும் என்பதற்காகத் தேர்தல் முறையும் வென்ற கட்சிக்குக் கூடுதல் இடங்கள் கிடைக்கும்படி வகுக்கப்பட்டிருந்தது. இருபது ஆண்டுகள் இடதுசாரிகளும் வலதுசாரிகளும் மாறி மாறி இந்த ஏற்பாட்டின் பயனை அனுபவித்தார்கள். 1995இல் ஒரு பாதுகாப்பைச் சேர்த்தார்கள்: புதிய அரசியலமைப்பை எழுதும் நடைமுறைக்கு ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்களின் ஒப்புதல் வேண்டும். ஆனால் அந்த நிபந்தனையை நீக்குவதற்கு மூன்றில் இரண்டு பங்கே போதும் என்ற ஓட்டையை எவரும் அடைக்கவில்லை. 2010இல் ஏறத்தாழ 53 விழுக்காடு வாக்குகளோடு மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்த ஃபிடெஸ் கட்சி முதலில் அந்தப் பூட்டைக் கழற்றியது. மறு ஆண்டே தன் கூட்டணியின் வாக்குகளை மட்டும் கொண்டு புதிய அரசியலமைப்பை நிறைவேற்றியது. நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62ஆகக் குறைக்கப்பட்டது. அது சட்டவிரோதம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தபோது, மூத்த நீதிபதிகள் பலரின் பொறுப்புகளில் வேறு ஆட்கள் அமர்ந்துவிட்டிருந்தார்கள். 2014இல் அதே கட்சி 45 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளைப் பெற்று மீண்டும் மூன்றில் இரண்டு பங்கு இடங்களை வென்றது. எங்கும் ஒரு பீரங்கி வண்டிகூடத் தெருவுக்கு வரவில்லை.

போலந்தின் அனுபவம் உங்களுக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அங்கே முதல் தவறு உங்களைப் போன்றவர்களுடையது. 2015 அக்டோபரில், தோல்வி நெருங்குவதை உணர்ந்த மையவாத ஆளுங்கட்சி, தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் அரசியலமைப்புத் தீர்ப்பாயத்துக்கு ஐந்து நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தது. அவற்றுள் இரண்டு இடங்கள் தேர்தல் முடிந்து டிசம்பரில்தான் காலியாகும் நிலையில் இருந்தன. மூவரின் தேர்வு செல்லும், இருவரின் தேர்வு செல்லாது என்று அந்தத் தீர்ப்பாயமே பின்னர் கூறியது. புதிதாக ஆட்சிக்கு வந்தவர்களோ இந்த இருவரைச் சாக்காக வைத்து ஐவரையும் புறக்கணித்துத் தங்கள் ஆட்களை அமர்த்திக்கொண்டார்கள். 2023 அக்டோபரில் 74 விழுக்காட்டுக்கும் அதிகமான வாக்காளர்கள் திரண்டு வந்து ஆட்சியை மாற்றிய பிறகும், முறையற்று நியமிக்கப்பட்டவர்களை முறை தவறாமல் அகற்றுவது எப்படி என்ற சிக்கலில் அந்நாடு தவித்தது. இரண்டு இடங்களுக்கு ஆசைப்பட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை இது.

“நாங்கள் எங்கள் கையைக் கட்டிக்கொண்டால், அடுத்து வருபவர் அவிழ்த்துவிடமாட்டாரா?” என்று நீங்கள் கேட்கலாம். அவிழ்க்கலாம். ஆனால் அவிழ்ப்பதற்கு அவர் ஒரு முயற்சி செய்தாக வேண்டும், அதை ஊரறியச் செய்தாக வேண்டும், அதற்கு நாளும் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் நீதிமன்றங்களும் பத்திரிகைகளும் வீதிக்கு வரும் மக்களும் செயல்பட முடியும். தயாராகக் கிடக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொள்பவருக்கு இந்தத் தடைகள் எவையும் இல்லை.

இப்படித் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்ட ஆட்சிகள் இல்லாமல் இல்லை. இந்தியாவில் 1975 ஜூன் 25 அன்று “உள்நாட்டுக் குழப்பம்” என்ற காரணத்தைக் காட்டி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள், பத்திரிகைகள் தணிக்கை செய்யப்பட்டன. 1977 தேர்தலில் வென்று வந்த ஜனதா அரசு அதே ஆயுதத்தைத் தன் கையில் வைத்திருந்திருக்க முடியும். 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தத்தின் மூலம் அந்தக் காரணத்தை நீக்கி “ஆயுதக் கிளர்ச்சி” என்று சுருக்கியது, அமைச்சரவையின் எழுத்துப்பூர்வமான முடிவு இல்லாமல் நெருக்கடி நிலையை அறிவிக்க முடியாதபடி செய்தது, உயிருக்கும் தனிமனித விடுதலைக்குமான உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது என்று எழுதியது. உட்பூசலால் அந்த அரசு விரைவில் கவிழ்ந்தது; அது எழுதிய கட்டுப்பாடு நிற்கிறது. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் ஆளுங்கட்சிகளும் முதன்மை எதிர்க்கட்சியும் சேர்ந்து, அரசியலமைப்பு நீதிமன்றத்தின் நீதிபதிகள் எண்ணிக்கை, பதவிக்காலம் போன்ற அடிப்படை அமைப்பைச் சாதாரணப் பெரும்பான்மை தொட முடியாதபடி அரசியலமைப்புக்குள் கொண்டுவந்தன. ஹங்கேரியையும் போலந்தையும் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம் அது.

அதிகாரத்தைக் குறைப்பது என்றால் எல்லாவற்றையும் வாக்காளரின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுவது என்று பொருள் கொள்ளாதீர்கள். கடந்த சில பத்தாண்டுகளில் நீங்கள் செய்த பெரும் பிழை இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நீதிபதி நியமனம், வாக்கு எண்ணிக்கை, தொகுதி எல்லை, அவசர அதிகாரம் போன்று பூட்டி வைக்க வேண்டியவற்றை அன்றைய பெரும்பான்மைக்குத் திறந்து விட்டீர்கள். வரி யார் கட்டுவது, ஓய்வூதியம் எவ்வளவு, கடனின் சுமை யார் தலையில் விழுவது போன்று மக்கள் வாதாடி முடிவு செய்ய வேண்டியவற்றை ஒப்பந்தங்களுக்குள்ளும் வல்லுநர் குழுக்களுக்குள்ளும் பூட்டி வைத்தீர்கள். 2011 நவம்பரில் இத்தாலியில் மாரியோ மோன்டியின் தலைமையில் அமைந்த அமைச்சரவை முழுவதும் வல்லுநர்களால் ஆனது. அவர்களுள் எவரும் மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர் இல்லை. நாடாளுமன்றம் அதை ஏற்றது, சட்டப்படி குறையில்லை. ஓய்வூதியத்தைச் சுருக்கிய அந்த அரசுக்குப் பெரிய கட்சிகள் இரண்டும் துணை நின்றதால் அதை எதிர்க்க விரும்பிய வாக்காளருக்குப் பழைய கட்சிகளில் போக்கிடம் இல்லை. 2013 தேர்தலில் நான்கில் ஒருவர் அதுவரை நாடாளுமன்றமே கண்டிராத ஐந்து நட்சத்திர இயக்கத்துக்கு வாக்களித்தார். கிரேக்கத்தில் 2015 ஜூலை 5 அன்று கடன் நிபந்தனைகளை 61 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே அவற்றைப் போன்ற கடும் நிபந்தனைகளுக்கு அரசு தலையசைத்தது. அரசு நெருக்கடியில் இருந்தது என்பதை அறிவேன். ஆனாலும் வாக்குச்சீட்டால் ஆட்களை மாற்றலாம், கொள்கையை மாற்ற முடியாது என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டால், “எல்லாத் தடைகளையும் நான் உடைக்கிறேன்” என்று வருபவரின் குரல் அவர்களுக்கு நியாயமாகவே ஒலிக்கும். அந்த வாக்காளரை அறியாதவர் என்று இகழாதீர்கள்.

உங்கள் கட்சிகளின் உள்ளே நடப்பதையும் பேசியாக வேண்டும். 1950களின் தொடக்கத்தில் பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சிக்கு இருபது லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். 2022இல் நாட்டின் பிரதமரையே தீர்மானித்த அக்கட்சியின் தலைமைத் தேர்தலில் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ 1,72,000 பேர். மற்ற நாடுகளிலும் கட்சி என்பது தலைவரையும் அவருடைய விளம்பரக் குழுவையும் நன்கொடையாளரையும் மட்டும் கொண்டதாகச் சுருங்கி வருகிறது. நன்கொடையை மறைப்பதற்குச் சட்டமே துணை செய்கிறது. இந்தியாவில் 2018 முதல் நடைமுறையில் இருந்த தேர்தல் பத்திரத் திட்டம் வாக்காளரின் அறியும் உரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்யும்வரை, பெரும்பாலான பெரிய கட்சிகள் அதன் வழியே பணம் பெற்றுக்கொண்டே இருந்தன. பெயர் தெரியாத பணத்தை யார் வாங்கினாலும் அது ஒன்றே; உங்கள் கணக்குகளை நீதிமன்றம் கட்டளையிடும் முன்பே திறந்து வையுங்கள்.

உறுப்பினருக்கு மனசாட்சிப்படி வாக்களிக்க இடம் கொடுங்கள். தென்கொரியாவில் 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். சில மணி நேரத்துக்குள், படைவீரர்கள் சூழ்ந்திருந்த அவைக்குள் வேலி ஏறிக் குதித்தும் வந்துசேர்ந்த 190 உறுப்பினர்கள் அதை விலக்கக் கோரி ஒருமனதாக வாக்களித்தார்கள். அவர்களுள் 18 பேர் அதிபரின் சொந்தக் கட்சியினர். 2025 ஏப்ரல் 4 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அந்தப் பதினெட்டுப் பேரைப் பற்றி நான் அடிக்கடி நினைக்கிறேன். ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் கொறடாவின் சொல்லுக்குக் கட்டுப்படாவிட்டால் பதவியே பறிபோகும் என்ற ஏற்பாட்டில் வளர்ந்த ஓர் உறுப்பினரால் அப்படி ஓர் இரவில் என்ன செய்ய முடியும்? அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகள் நீங்கலாக மற்றவற்றில் கொறடாவின் கட்டளையைத் தளர்த்துவது உங்களால் இன்றே முடிகிற காரியம்.

குடிமக்களுக்கு ஒரு பங்கு கொடுங்கள் என்று தொடக்கத்தில் கேட்டேன். அயர்லாந்தில் 2016இல் கூடத் தொடங்கிய குடிமக்கள் பேரவையில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 99 பேர் ஒரு நீதிபதியின் தலைமையில் அமர்ந்து, கட்சிகள் பல பத்தாண்டுகளாகத் தொட அஞ்சிய கருக்கலைப்புச் சிக்கலை மாதக்கணக்கில் விவாதித்தார்கள். மருத்துவர்களையும் சட்ட அறிஞர்களையும் இரு தரப்பு அமைப்புகளையும் கேட்டு அவர்கள் தந்த பரிந்துரை நாடாளுமன்றக் குழுவுக்குச் சென்று, 2018 மே 25 அன்று பொது வாக்கெடுப்புக்கு வந்து, 66 விழுக்காட்டினரின் ஆதரவைப் பெற்றது. அதே அயர்லாந்தில், குடும்பத்தையும் பராமரிப்புப் பணியையும் பற்றி இன்னொரு பேரவை பரிந்துரைத்ததை அரசு தன் விருப்பப்படி நீர்க்கச் செய்து 2024 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு விட்டது. திருத்தங்கள் இரண்டும் பெரும் வித்தியாசத்தில் தோற்றன. பிரான்சில் 2019இல் 150 குடிமக்களைக் கூட்டிக் காலநிலைச் சிக்கலுக்குத் தீர்வு கேட்டார்கள், வடிகட்டாமல் முன்வைப்போம் என்று அதிபர் மக்ரோன் வாக்களித்தார், பிறகு வடிகட்டினார்கள். ஐஸ்லாந்தில் மக்களின் பங்கேற்போடு எழுதப்பட்ட அரசியலமைப்பு வரைவை 2012 அக்டோபரில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவே இல்லை. மக்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு அவர்கள் சொன்னதைக் கிடப்பில் போடுவது, கேட்காமலே இருப்பதைவிட ஆழமான காயம். எனவே பேரவை கூட்டுவதாக இருந்தால் அதன் பரிந்துரைக்கு எத்தனை நாளில், எந்த அவையில், பெயர் பதிவாகும் எந்த வாக்கெடுப்பின் மூலம் பதில் தருவீர்கள் என்பதைக் கூட்டுவதற்கு முன்பே சட்டமாக்குங்கள். ஏற்றே ஆகவேண்டும் என்று கேட்கவில்லை. மறுத்தால் காரணத்தோடு வெளிப்படையாக மறுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

தேர்தல் முறையைத் திருத்துவது உங்களுக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருக்கும், ஏனென்றால் நீங்கள் வென்றதே அந்த முறையால்தான். நியூசிலாந்தில் 1978இலும் 1981இலும் அதிக வாக்குகளைப் பெற்ற கட்சி தோற்றது. அரசு அமைத்த விசாரணை ஆணையம் 1986இல் விகிதாசாரம் கலந்த முறையைப் பரிந்துரைத்தது. இரு பெரிய கட்சிகளிலும் அதை விரும்பாதவர்கள் நிறைய இருந்தார்கள்; இருந்தும் 1993இல் மக்களே வாக்களித்து மாற்றினார்கள், 1996இல் புதிய முறையில் தேர்தல் நடந்தது. அந்நாட்டில் அதன்பின் எந்தக் கட்சியும் தனியாக வரம்பற்ற அதிகாரம் செலுத்துவது அரிதாகிவிட்டது.

அடுத்த தேர்தல் அறிக்கையில், நீங்கள் தரப்போகிற சலுகைகளின் பட்டியலுக்கு முன்னால் இன்னொரு பக்கத்தைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வென்றால் முதல் கூட்டத்தொடரிலேயே எந்தெந்த அதிகாரங்களை விட்டுக்கொடுப்பீர்கள், விசாரணைக் குழுக்களில் எத்தனைக்கு எதிர்க்கட்சியினர் தலைமை ஏற்பார்கள், நீதிபதிகளையும் தேர்தல் ஆணையரையும் உங்கள் எதிரிகளின் ஒப்புதலும் இருந்தால்தான் நியமிக்க முடியும் என்பதை எந்தச் சட்டத்தால் உறுதி செய்வீர்கள், அந்தச் சட்டத்தை நீக்குவதற்கும் அதே அளவு ஒப்புதல் வேண்டும் என்று எழுதுவீர்களா என்பவற்றை அந்தப் பக்கத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். கூட்டத்தொடர் முடியும் நாளில் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்களிடம் கணக்குக் கேட்க என்னைப் போன்ற வாக்காளர்கள் வருவோம்.

இப்படிக்கு,
உங்கள் கட்சிகளுக்கு வாக்களித்துவரும் ஒரு குடிமகன்