அந்த நைட் டியூட்டி நர்ஸ் அக்காவுக்கு

உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை அக்கா. கண்ணில் பட்டால் இது உங்களுக்குத்தான்.

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு அப்புறம் என் நெஞ்சு திடீர் திடீரென்று படபடத்தது, நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போனது போலவும் இருந்தது. வேறொரு இடத்தில் "பயம்தான், போய்த் தூங்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நீங்கள் ஈசிஜி ஒயர்களை ஒட்டிக்கொண்டே, "வாந்தி இருக்கா? தண்ணி எவ்வளவு இறங்குது? என்னென்ன மாத்திரை?" என்று கேட்டீர்கள். என் பையிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, பிரஷருக்கான நீர் பிரியும் மாத்திரையில் விரலை வைத்தீர்கள். எடை அவ்வளவு இறங்கியும் அதை யாரும் குறைக்கவே இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம் என்ற உப்புகள் இரண்டையும் பார்க்கலாமா என்று டியூட்டி டாக்டரிடம் கேட்டதும் நீங்கள்தான்.

பொட்டாசியம் 2.8. குறைந்தது 3.5 இருக்க வேண்டுமாம். சாப்பாடு இறங்காமல், வாந்தியும் சேர்ந்து, மிச்சத்தை அந்த மாத்திரை சிறுநீரில் வெளியேற்ற, இதயத் துடிப்பே தடுமாறியிருக்கிறது. மக்னீசியம் குறைவாக இருந்தால் பொட்டாசியம் ஏற்றினாலும் உடம்பில் தங்காது என்று டிரிப்ஸைச் சரிசெய்தபடி விளக்கினீர்கள். (கை எரிந்தது தனிக்கதை. அதற்கும் வேகத்தைக் குறைத்துவிட்டீர்கள்.)

டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது படபடப்பு இல்லை.

இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்களே, படபடப்பு வந்தால் ஈசிஜியோடு இந்த ரத்தப் பரிசோதனைகளையும் கேளுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

ரொம்ப நன்றி அக்கா.