அப்பாவின் தாடியை எடுத்துவிட்ட அண்ணனுக்கு

பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அப்பாவுக்கு என்ன ஆனது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, இதைப் படிப்பாரா என்றே தெரியாத ஒருவருக்கு. ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்த்த வார்டு அண்ணனுக்கு. அண்ணா, உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பா 1968இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். 71 போரைப் பார்த்தவர். 24 வருடம் முடித்து, 1992இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். பட்டாளம் அவரை விட்டது, விடிகாலை நாலு மணி விடவில்லை. எழுந்ததும் சவரம், குளியல், திருநீறு, அப்புறம் முருகன். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. பட்டாளத்துக் கோயிலில் எல்லோரும் வரிசையாகக் கூடிக் கும்பிடும் மந்திர் பரேடில் நின்று பழகியவருக்கு, தாடியோடு சாமி முன்னால் நிற்பது அழுக்கு யூனிஃபார்மில் போய் நிற்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் தாடி வளர்ந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏறிக்கொண்டிருந்ததால் பிளேடு கூடாது என்றுவிட்டார்கள். இந்த நிலைமையில் தாடியா முக்கியம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். திருநீறு பூசப் போனால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். வலியில் வருகிற கோபம் என்று நினைத்தேன். அவர் கை அடிக்கடி தாடைக்குப் போவதைக் கவனித்தது நீங்கள்தான்.

பத்தாம் நாள் விடிகாலை, உங்கள் மகனுடைய ட்ரிம்மரைச் சார்ஜ் போட்டு எடுத்து வந்திருந்தீர்கள். சிஸ்டரிடம் முன்னாலேயே கேட்டும் வைத்திருந்தீர்கள். அப்பா வழக்கம்போல, "வேணாம் தம்பி, நானே பாத்துக்கறேன்" என்று முனகினார். கையைத் தூக்கவே முடியவில்லை. அடுத்தவர் தண்ணீர் மொண்டு கொடுத்தால்கூடக் கூசுகிற மனிதர்.

நீங்கள் வற்புறுத்தவில்லை. "ஐயா, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. கழுத்தை மட்டும் இந்தப் பக்கம் லேசா சாச்சுக்குங்க" என்றீர்கள்.

"ஒத்தாசைன்னு எவனாச்சும் வாயைத் திறந்தா போதும், இவர் கிளம்பிப் போகச் செருப்பைத் தேடுவாரு" என்று அம்மா சலித்துக்கொள்வாள். அன்றைக்கும் அந்தச் சொல்தான் வேலை செய்தது. அப்பா கழுத்தைச் சாய்த்துக்கொண்டார். மீசைக்கு வந்ததும் ட்ரிம்மரை நிறுத்தி, "இது எப்படிங்கய்யா?" என்று கேட்டீர்கள். "முறுக்கு" என்றார். இரண்டு நாளாக முனகல் மட்டும் வந்த வாயிலிருந்து தெளிவாக ஒரு சொல். வெந்நீரில் நனைத்த துண்டால் நீங்கள் துடைத்து முடித்ததும் தாடையை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி நெற்றியைக் காட்டினார். பூசிவிட்டேன்.

மறுநாள் இரவு போய்விட்டார். மழித்த முகத்தோடு, முறுக்கிய மீசையோடு போனார். பணம் கொடுக்க வந்தபோது, "சார்ஜ் போட்டதுக்கா காசு?" என்று சிரித்துவிட்டு நீங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டீர்கள். வாழ்நாளெல்லாம் பிறருக்குச் செய்தவர், கடைசியாக ஒருவர் கையால் செய்துகொள்ளச் சம்மதித்தார். பெற்ற பிள்ளை எனக்கு அந்த வித்தை தெரியவில்லையே என்று இன்னும் மனசு அரிக்கிறது.

டாக்டர்கள், சிஸ்டர்கள், ராத்திரி என்றும் பாராமல் வண்டி எடுத்த பக்கத்து வீட்டுத் தம்பி, பத்து நாள் எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாத தெருக்காரர்கள், எல்லோருக்கும் கும்பிடு. முன்னாள் படைவீரர் சங்கத்து மாமாக்களுக்குத் தனியாக ஒன்று. பச்சைத் தொப்பியோடு வெயிலில் வரிசையாக நின்று, எழுபதைத் தாண்டிய குரல்களில் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று ரெஜிமெண்டின் போர்க்குரலை நீங்கள் முழங்கியபோது என் சின்ன மகள் பயந்து என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். தாத்தாவுக்கு டாட்டா சொல்கிறார்கள் என்றேன். எட்டிப் பார்த்து அவளும் கையசைத்தாள்.

அப்புறம், வாசலோரம் நின்று சத்தமில்லாமல் அழுதுவிட்டுப் போன அம்மாக்களுக்கு. பட்டாளத்துப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று கணவருக்குப் பிறகு வரும் உங்கள் குடும்ப பென்ஷன் சிக்கிக்கொண்டபோதெல்லாம் அப்பா வெலிங்டனில் இருக்கும் ரெஜிமெண்ட் பதிவு அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் அலகாபாத்தில் இருக்கும் ராணுவப் பென்ஷன் அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதுவார். ஊர் பிரயாக்ராஜ் ஆகிப் பல வருடமாகியும் அவருக்கு அது அலகாபாத்தான். நவம்பர் பிறந்தால், உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் லைஃப் சர்டிபிகேட்டுக்காக எங்கள் திண்ணை நிரம்பிவிடும்.

நீங்கள் கொடுத்துவைத்த காகிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொரு உறையின் மேலும் யாருடையது, என்ன பாக்கி என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், இனி நான் எழுதித் தருகிறேன். ஆரம்பத்தில் தப்பு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் இருந்த நினைப்பில் விடியும் முன்னே வந்து கதவைத் தட்டிவிடாதீர்கள். எனக்கு எட்டு மணிக்கு மேல்தான் தோதுப்படும்.