பேக்கப்பைத் திறந்து பார்க்கவும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சொந்தமாகச் சர்வர் வைத்திருப்பவர்கள் புதிய பதிப்பு வந்ததும் மாறிவிட வேண்டும் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். மாறத்தான் வேண்டும். அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் 2017 மார்ச்சில் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைப் போடாமல் விட்டதால் சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் களவு போயின. ஆனால் "பேக்கப் எடுத்துவிட்டு அப்டேட் செய்யுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு நூலகத்தின் சர்வரை நான் கவனித்துக்கொள்கிறேன். ஏறக்குறைய 11,000 தமிழ்ப் புத்தகங்களின் பட்டியல், யார் எதை எடுத்துப் போனார்கள் என்ற கணக்கு, எல்லாம் அதில்தான். இவற்றைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்க்யூஎல், பதிப்பு 5.7. அதற்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அப்புறம் ஓட்டை தெரிந்தாலும் அடைத்துத் தர யாரும் வரமாட்டார்கள். சரி, 8.0-க்குப் போய்விடலாம் என்று ஒரு சனிக்கிழமை இரவு உட்கார்ந்தேன். பேக்கப் இருந்தது. ஆறு வருடங்களாகத் தினமும் இரவு இரண்டு மணிக்கு எடுத்த கோப்புகள், தேதிவாரியாக.

அப்டேட் இருபது நிமிடத்தில் முடிந்தது. உறுப்பினர் பிரிவுகளை வைத்திருந்த அட்டவணையின் பெயர் 'குரூப்ஸ்'. 8.0-இல் அது டேட்டாபேஸே தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சொல்லாகிவிட்டதால் அந்தப் பக்கம் பிழை காட்டியது. அதைச் சரிசெய்துவிட்டு நூல்பட்டியலைத் திறந்தேன்.

ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. 'க' இருக்க வேண்டிய இடத்தில் மூன்று குறிகள்: தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஒரு கரும்புள்ளி. அடுத்த எழுத்துக்கும் அதே 'ஏ', அதே வட்டம். பக்கம் பக்கமாக அப்படியே.

பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால், 8.0 ஒருமுறை தொட்ட தரவை 5.7 திறக்காது. மிச்சம் இருந்தது பேக்கப் ஒன்றுதான். முந்தைய இரவின் கோப்பைத் திறந்தேன். அதிலும் அதே 'ஏ', அதே வட்டம். முந்தைய மாதத்தில், முந்தைய வருடத்தில், எதில் பார்த்தாலும் அதுவே. கை நடுங்கிப்போனது. ஆறு வருடமும் கோப்பு வந்திருக்கிறதா, அளவு குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். ஒருநாள்கூட உள்ளே திறந்து ஒரு வரி படித்ததில்லை.

காரணம் விடியும்போதுதான் பிடிபட்டது. 5.7-இல் நாமாக எதுவும் சொல்லாவிட்டால் டேட்டாபேஸ் எல்லாவற்றையும் 'லத்தீன்1', அதாவது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்துமுறை என்றே எடுத்துக்கொள்ளும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் (கணினி தரவை அளக்கும் அலகு). எங்கள் மென்பொருள் அந்த மூன்று பைட்டை அனுப்பியது, டேட்டாபேஸ் அதை மூன்று லத்தீன் எழுத்துகளாகக் குறித்துக்கொண்டது. கேட்டபோது அந்த மூன்றையே திருப்பித் தந்ததால் திரையில் தமிழ் சரியாகத் தெரிந்தது. இரண்டு பக்கத் தவறும் ஒன்றையொன்று மறைத்தே ஆறு வருடம் ஓடியிருக்கிறது. 8.0-இல் அந்த இயல்பு அமைப்பு 'யூடிஎஃப்8எம்பி4', அதாவது யூடிஎஃப்-8 முறையின் முழு வடிவம் என்று மாறியது. நல்ல மாற்றம்தான், தமிழுக்கு அவசியமான மாற்றமும்கூட. ஆனால் எங்கள் பழைய தவறு அன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

நல்லவேளையாக எழுத்துகள் அழிந்திருக்கவில்லை. ஒவ்வொரு நெடுவரிசையையும் முதலில் வெறும் பைட்டுகளாக மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 என்று அறிவித்தால் தமிழ் திரும்பிவிடும். அந்த நடுப்படியைத் தாண்டி நேரடியாக மாற்றச் சொன்னால் குப்பையே அப்படியே பதிந்துவிடும். ஒரு பழைய மடிக்கணினியில் நகலை ஏற்றி அதில் செய்து பார்த்தேன். ஞாயிறு மாலை ஆனது.

அப்போது இன்னொன்றும் தெரிந்தது. தலைப்புக்கு 100 இடம் என்று விட்டிருந்தார்கள். லத்தீன்1 கணக்கில் அது 100 பைட், தமிழுக்கு ஏறக்குறைய 33 குறிகள், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். நீளமான தலைப்புகள் எல்லாம் உள்ளே போகும்போதே பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. திரையில்தான் சுருக்கிக் காட்டுகிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தோம். அந்தப் புத்தகங்களை அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம். நான்கு பேருக்கு இரண்டு வாரம் பிடித்தது.

சிறிய இடத்தில்தான் இப்படி நடக்கும் என்று உங்கள் வாசகர்கள் எண்ண வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அது இருக்க வேண்டிய இடம் காலி. அவர்களின் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரஸ் 9.6-க்கு மாறியிருந்தது, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக ஓடிப் பிழையோடு நின்றிருந்தது. அதைத் தெரிவிக்க அனுப்பிய மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த ஒரு நகலை வைத்து மீண்டார்கள். இவ்வளவையும் அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அப்டேட் பற்றி எழுதும்போது இன்னும் மூன்று வரி சேர்த்து அச்சிடுங்கள். பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, நாலு பக்கமாவது கண்ணால் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்டேட்டை முதலில் அந்த நகலில் ஓட்டச் சொல்லுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0-க்கும் 2026 ஏப்ரல்தான் எல்லை. 5.7-இல் இருப்பவர்கள் நேராக 8.4-க்குத் தாவ முடியாது, 8.0 வழியாகத்தான் போக வேண்டும். எங்களைப் போலப் பழைய பதிப்பில் தமிழைச் சேர்த்து வைத்த நூலகங்களும் சங்கங்களும் பதிப்பகங்களும் இன்னும் இருக்கும். அவர்கள் அந்தச் சனிக்கிழமை இரவுக்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
நூலக சர்வரைக் கவனித்துக்கொள்ளும் ஒரு வாசகி