கிணற்றுக் கதைகளையும் காப்பாற்ற வேண்டும்

ஆசிரியருக்கு,

அயர்லாந்தின் புனிதக் கிணறுகள் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல் சுவரைச் சரிசெய்து தகவல் பலகை வைத்தால் போதும் என்கிறது அது, எனக்கு உடன்பாடில்லை. சுமார் 3,000 கிணறுகள் என்கிறார்கள், பெரும்பாலும் சின்ன ஊற்றுகள்தான். அந்தந்தக் கிணற்றுக்குரிய புனிதரின் நாளில் ஊர் கூடி வலமாகச் சுற்றி வருவதும், எது கண்ணோய்க்கு, எது பல்வலிக்கு என்ற பேச்சும்தான் அவற்றுக்கு உயிர். நோயாளியின் துணியைக் கிழித்துப் பக்கத்து மரத்தில் கட்டுவார்கள், துணி மட்க மட்க நோயும் போகும் என்பது நம்பிக்கை. அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் நான் பார்த்த மரத்திலோ முழுக்க நைலான் ரிப்பன்! அது எந்தக் காலத்தில் மட்கி, யார் நோய் எப்போது தீர்வது?

1937 முதல் 1939 வரை அயர்லாந்து நாட்டுப்புறவியல் ஆணையம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை வைத்தே ஊர்ப் பெரியவர்களின் கதைகளை எழுதி வாங்கியது. கிணறுகளைப் பற்றியும் அதில் நிறைய உண்டு, இப்போது இணையத்திலேயே படிக்கலாம். 2023 முதல் அயர்லாந்தின் பெண் புனிதரான பிரிஜிட்டின் நாளுக்குப் பொது விடுமுறை வேறு விடுகிறார்கள். சரி, அதை ஒட்டி அந்தப் பழைய பக்கங்களைக் கையில் கொடுத்து, பக்கத்துக் கிணற்றுக்கு அழைத்துப்போய், இன்றைய பிள்ளைகளையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லலாமே.

- ஒரு வாசகர், கால்வே