படத்தில் மாஸ்க் தலைகீழாக இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழில் வெளியான, செவிலியர்களுக்கான கைப்பேசி வழிப் பயிற்சி பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடுதான் தொடங்கினேன். பயிற்சி உள்ளங்கைக்கே வந்துவிட்ட பிறகும் கிராமப்புறச் செவிலியர்கள் கற்பதில் சுணக்கம் காட்டுகிறார்கள் என்ற வரி வந்ததும் இதழை மடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். இரண்டாவது முறை எடுத்தது, 'சுணக்கம்' என்ற சொல் அங்கே உண்மையிலேயே அச்சாகியிருக்கிறதா, அல்லது என் கண்ணாடியை மாற்ற வேண்டுமா என்று தெரிந்துகொள்ள. கண்ணாடியில் குறையில்லை.

நான் 33 ஆண்டுகள் அரசுப் பணியில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பிரசவ அறைகளில், அதிலும் இரவு டூட்டியில் கழிந்தது. இரவு டூட்டி என்றால் ஒரு செவிலியர், ஒரு துப்புரவுப் பணியாளர், கூப்பிட்டால் வரும் தூரத்தில் ஒரு மருத்துவர் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சுணக்கத்தை எதைக் கொண்டு அளந்தார்கள் என்று கட்டுரையில் தேடினேன். பாடத்தை முடித்தவர்கள் எத்தனை பேர், முடிக்காதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். முடிப்பது என்றால் என்ன என்று, பல பாடங்களை முடித்தவள் என்ற முறையில் நான் சொல்கிறேன். 2020இல், கொரோனா முதல் அலையின்போது, பாதுகாப்பு உடையை அணிவதும் கழற்றுவதும் எப்படி என்ற பாடம் எங்களுக்கு அனுப்பப்பட்டது. பாடம் முழுவதும் ஆங்கிலம். இரவு டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து, கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு, அது ஓடி முடிவதற்குள் இட்லிக்கு அரிசி களைந்து ஊறப்போட்டேன். முடிவில் ஐந்து கேள்விகள். தவறினால் மறுபடியும் எழுதலாம் என்பதால் மூன்றாவது முறை ஐந்தும் சரியாயின. என் பெயரைத் தப்பும் தவறுமாகத் தாங்கிய சான்றிதழ் வந்து சேர்ந்தது. மறுநாள் அந்த உடையைக் கழற்றும்போது கையுறையின் வெளிப்புறம் என் கழுத்தில் பட்டது. எனக்கு அது தெரியவேயில்லை. எதிரில் நின்ற துப்புரவுப் பணியாளர் அக்காதான், "சிஸ்டர், கழுத்துல பட்டுட்டு, அப்படியே நில்லுங்க" என்றார். அந்த உடையைக் கழற்றும்போது பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதே முறை. அன்று அந்தப் பயிற்றுநர் வேலையைச் செய்த அக்காவிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது.

கைப்பேசிக்கு மாதாமாதம் கட்டணம் கட்டியது என் சம்பளத்திலிருந்து. பாடத்தை முடிக்காதவர்களின் பெயர்களைச் சிவப்பு எழுத்தில் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். தொகுப்பூதியத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், தன் பெயர் சிவப்பில் வந்துவிட்டதே என்று மருந்து அறையில் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். சரி, டூட்டி நேரத்திலேயே படித்துவிடலாம் என்றால், நர்ஸம்மா போனை நோண்டிக்கொண்டிருக்கிறார் என்று நோயாளியுடன் வந்தவர் படம் எடுப்பார். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி எடுக்கப்பட்ட ஒரு படத்தைத் தங்கள் நாளிதழே வெளியிட்டது தங்களுக்கு நினைவிருக்கும். கர்ப்பிணிகளின் விவரங்களை அரசின் பிக்மி இணையதளத்தில் ஏற்றுவதற்கும் அதே கைப்பேசியைத்தான் நோண்ட வேண்டியிருக்கிறது. ஆக, கைப்பேசியைப் பார்த்தால் அலட்சியம், பார்க்காவிட்டால் சுணக்கம். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்க வேண்டும் என்று தங்கள் நிருபர் ஒரு வரி எழுதியிருந்தால் இன்று பணியில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவியாக இருந்திருக்கும்.

நான் டிஜிட்டல் பயிற்சிக்கு எதிரி அல்ல. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய எக்கோ திட்டத்தைத் தங்கள் நிருபர் அறியாமல் இருக்க முடியாது. கிராமத்து மருத்துவர்கள் வாரந்தோறும் வீடியோ வழியாகப் பல்கலைக்கழக நிபுணர்களைச் சந்தித்து, தங்கள் கையில் இருக்கும், ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய் கண்ட நோயாளியைப் பற்றியே பேசிக் கற்றார்கள். 407 நோயாளிகளை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதமும் எக்கோ வழியே கிராமங்களில் 58.2 சதவீதமும் குணமடைந்திருந்தார்கள். அங்கே திரைக்கு மறுபக்கம் ஒரு மனிதர் உட்கார்ந்து, இதை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார். எத்தியோப்பியாவில் பிரசவம் பார்ப்பவர்களுக்கு ஒரு கைப்பேசிச் செயலியைக் கொடுத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்விலும், மூச்சுவிடாத குழந்தையைக் கையாளும் அறிவும் திறனும் கூடின. ஆனால் குழந்தை இறப்பு விகிதத்தில் தெரிந்த வித்தியாசம், செயலியால்தான் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆய்வு செய்தவர்களே இவ்வளவு அடக்கமாகச் சொல்லியிருக்கும்போது தங்கள் கட்டுரைக்கு மட்டும் எங்கிருந்து அத்தனை துணிச்சல் வந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மூச்சுவிடாத குழந்தை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு உயிர்மூச்சு கொடுப்பதற்காக 2009இல் தொடங்கப்பட்ட தேசியப் பயிற்சித் திட்டத்தில், இரண்டு நாள் வகுப்புக்கு என்னையும் அனுப்பினார்கள். பொம்மைக் குழந்தையின் முகத்தில் காற்று செலுத்தும் மாஸ்க்கை வைத்து, அதோடு இணைந்த அம்பு பேக் என்ற காற்றுப் பையை அமுக்குகிறேன், நெஞ்சு எழவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் விளிம்பில் சரியாகத்தான் இருந்தன. பின்னால் நின்ற குழந்தை மருத்துவர் ஒன்றும் பேசாமல் என் மோதிர விரலைப் பிடித்து, தாடைக்குக் கீழே சதையை அழுத்திக்கொண்டிருந்ததை எடுத்து, எலும்பின் மேல் வைத்தார். அரை அங்குலம்கூட இருக்காது. அடுத்த அமுக்கலில் நெஞ்சு எழுந்தது. நான்கு மாதம் கழித்து ஓர் இரவு, பிறந்த குழந்தை அழாமல் கிடந்தது; துடைத்துத் தூண்டியும் மூச்சு வரவில்லை. முதல் நிமிடம் தீர்வதற்குள் அமுக்கத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை என்பதெல்லாம் மனத்தில் ஓடியது. மோதிர விரல் தானாக எலும்புக்குப் போயிற்று. அந்தப் பையன் இப்போது பள்ளிப் பேருந்தில் என் தெரு வழியாகத்தான் போகிறான்.

பிற்காலத்தில் அதே பாடத்தை வீடியோவாகவும் பார்த்தேன். அருமையான படப்பிடிப்பு, சதையும் எலும்பும் வண்ணத்தில் தெரிந்தன. ஆனால் என் மோதிர விரல் எங்கே இருக்கிறது என்று அந்த வீடியோவுக்குத் தெரியாது. இந்தப் பழக்கம் சில மாதங்களில் கைவிட்டுப் போகும் என்பதால் பிரசவ அறையிலேயே ஒரு பொம்மையை வைத்து அடிக்கடி பத்து நிமிடம் பழக வேண்டும் என்கிறார்கள். நான் கடைசியாகப் பணியாற்றிய நிலையத்தில் ஒரு பொம்மை இருந்தது உண்மைதான். அது பீரோவுக்குள் இருந்தது, சாவி வேறொருவரிடம் இருந்தது, காணாமல் போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள்.

மொழியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கடிதம் நீண்டுவிடும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர், தாம் தமிழ் கற்று, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அச்சுக்கூடத்தையும் மாட்டுவண்டியையும் வைத்துக்கொண்டு அவரால் செய்ய முடிந்ததை, வீடியோவுக்குக் கீழே நான்கு வரித் தமிழாகக்கூடச் செய்யாதவர்களைத் தங்கள் கட்டுரை ஓரிடத்திலும் சுணக்கம் என்று சொல்லவில்லை.

இனி நான் எழுத வந்த செய்தி. கட்டுரையோடு பாதிப் பக்க அளவில், செவிலியர் ஒருவர் பயிற்சிப் பொம்மைக்கு மூச்சு கொடுக்கும் வண்ணப்படம் வெளியாகியிருக்கிறது. வட்டமான மாஸ்க் என்றால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான். படத்தில் இருப்பது ஒரு முனை குறுகிய மாஸ்க். குறுகிய முனை மூக்கின் மேலும் அகன்ற பக்கம் தாடையின் மேலும் வர வேண்டும்; படத்தில் குறுகிய முனை தாடையில் இருக்கிறது, அகன்ற பக்கம் பொம்மையின் கண்களை அழுத்திக்கொண்டிருக்கிறது. இப்படி வைத்தால் காற்று ஓரங்களில் கசிந்துவிடும், நெஞ்சு எழாது, கண்ணுக்கும் கேடு. படம் எடுத்தவர், எழுதியவர், பக்கம் அமைத்தவர், மெய்ப்புப் பார்த்தவர் என்று இத்தனை பேர் கண்ணில் பட்டும் யாரும் சொல்லவில்லை. பாவம், அந்தப் பெண்ணுக்கும் பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இருந்திருக்காது.

'சுணக்கம்' என்ற சொல்லைத் திரும்பப் பெற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. படத்துக்கு மட்டும் அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில், இரண்டு வரி திருத்தம் வெளியிடக் கோருகிறேன். தங்கள் இணைப்பிதழில் வரும் மருத்துவப் படங்களை வெட்டிப் பிரசவ அறைச் சுவரில் ஒட்டி வைக்கும் வழக்கம் எங்களிடையே உண்டு. நானே பல படங்களை ஒட்டியிருக்கிறேன். அடுத்த ஞாயிறுக்குள் திருத்தம் வந்தால் நல்லது.

இக்கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் பெயரைத் தவிர்த்துவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.