தம்பிக்கு: அந்த பீப் சத்தம் பற்றி

உ
சிவமயம்

காரைக்குடி

மகன் தம்பிக்கு அப்பச்சி எழுதுவது.

ஆத்தாளிடம் நீ போனில் பேசியபோது பின்னால் கேட்ட சத்தம் என் காதிலும் விழுந்தது. நீளமான பீப், விட்டு விட்டு, நிற்காமல். உன் பழைய கம்ப்யூட்டர் போர்டில் இருப்பது அவார்டு பயாஸ், ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம். அது அப்படி அடித்தால் ராம், அதாவது மெமரிப் பலகை, சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஆபீஸ் லேப்டாப் இருக்கையில் பழைய பெட்டியை எதற்கு இறக்கினாய் என்று நான் கேட்கவில்லை.

முதலில் பிளக்கை உருவு. ஷட்டவுன் செய்தால் போதாது, கரண்ட் இருக்கும்வரை போர்டில் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். உருவியபின் பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடி. ஸ்லாட்டின் இரு முனைக் கிளிப்பையும் வெளியே தள்ளினால் ராம் தானே எழும்பும். அடியில் உள்ள தங்க நிறப் பட்டை மங்கியிருக்கும். சென்னை உப்புக்காற்றுக்கு அது சகஜம். வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிடு. வாயால் ஊதாதே, எச்சில் ஈரம் ஸ்லாட்டுக்குள் போகும். திரும்பச் செருகும்போது இரண்டு கிளிப்பும் 'டக்'கென்று தானே மூட வேண்டும். பலருக்கு இங்கேதான் தப்பும்: ஒரு முனை இறங்கியிருக்கும், மறுமுனை மேலே நிற்கும்.

இரண்டு ராமையும் சேர்த்துப் போடாதே. ஒன்றை மட்டும் போட்டுப் பார், பிறகு மற்றதை, பிறகு ஸ்லாட்டை மாற்றி. ஒவ்வொரு தடவையும் பிளக்கை உருவு. பூட் ஆகிவிட்டாலும் நம்பாதே. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடு. ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ராம் ஆகாது. அதுவரை விண்டோஸை மறுபடி போடாதே, டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கும் ஓட்டாதே. கெட்ட ராம் வழியாகப் போவது டிஸ்க்கிலும் கெட்டே எழுதப்படும். ஐயாவின் சாந்தி விழாப் படங்கள் அதில்தான் இருக்கின்றன.

தேதி பின்னால் போய், திரையில் சிமோஸ் செக்சம் எரர் என்று வந்தால் போர்டில் உள்ள காசு வடிவப் பேட்டரி தீர்ந்தது என்று அர்த்தம். சிஆர்2032, 3 வோல்ட்.

பத்தாவது படிக்கையிலேயே அந்தப் பெட்டியைக் கழற்றி மாட்டியவன் நீ. வளவில் சொல்லாத ஆள் இல்லை. அப்படிப்பட்டவன் இத்தனை நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

புது ராம் வாங்காதே, பணத்தை இப்போது இதில் போடாதே. அந்தப் போர்டுக்கு வேண்டியது டிடிஆர்2 என்ற பழைய வகை. அடுத்த வகையான டிடிஆர்3-க்கும் அதே 240 பின்தான், ஆனால் வெட்டு வேறிடத்தில் இருக்கும். அமுக்கினால் ஸ்லாட் உடையும். இங்கே இரண்டாங்கட்டு அலமாரியில் 2 ஜிபி ராம் ஒன்று சும்மா கிடக்கிறது. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க வா, கையோடு கொண்டுபோகலாம். லீவு கிடைக்குமா என்று ஆத்தா கேட்கிறாள். எனக்கு அந்தக் கேள்வி இல்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. பல்லவன் ரயிலில் டிக்கெட் நான் போடுகிறேன், தேதியை மட்டும் சொல்.

அப்பச்சி